ஷாப்ட்ஸ்பரிப் பெருமகனார்

பிறர் துயர் கண்டு உருகுவோர் உலகிற் பலர். அத்துயரைக் களைதற்கு வாழ்நாள் முழுவதையும் ஒப்படைப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஆங்கில நாட்டு ஷாப்ட்ஸ்பரிப் பெருமகனார். ஆலைகளில் உழன்ற சிறுவர்க்கும், சுரங்கங்களில் வண்டியிழுத்த பெண்டிர்க்கும், புகைபோக்கிகளுள் ஏறிய பாலர்க்கும் அவர் செய்த நன்மையை வரலாறு பயின்றோர் அறிவர். ஆயின் ஐம்பத்தேழு ஆண்டுகள் அவர் இடையறாது சுமந்த பணி வேறொன்று உண்டு. பித்தர் விடுதிகளின் பூட்டிய கதவுகளுக்குள் நிகழ்வனவற்றை, அவ்விடுதிகளோடு தொடர்பில்லாத புறத்தார் சென்று காணுமாறு செய்தலே அப்பணி. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அந்தோணி ஆஷ்லி கூப்பர் என்னும் இயற்பெயர் பூண்ட இவர், 1801ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் உயர்குடியிற் பிறந்தார். செல்வம் நிறைந்த அம்மனையில் அன்பு மட்டும் குறைந்திருந்தது. பெற்றோர் கடுமையே காட்டினர். மரியா மில்லிஸ் என்னும் பணிப்பெண் ஒருத்தியே சிறுவனுக்கு வேதாகமக் கதைகளைக் கூறி, வழிபாடு கற்பித்து, தாயின் அன்பை ஊட்டினாள். அவள் இறக்குங்கால் விட்டுச் சென்ற கடிகாரத்தைப் பெருமகனார் தம் முதுமையிலும் அணிந்திருந்தார். ஹாரோ பள்ளியிற் பயின்ற நாளில், ஏழை ஒருவனது பிணப்பெட்டியைக் குடிவெறியர் சிலர் பாடிக்கொண்டே தூக்கிவந்து தெருவில் நழுவவிட்டதைக் கண்டார். கேட்பாரற்றவர்க்காகப் பேசுதலே தம் கடன் என அன்றே துணிந்தார் என்பர்.

ஆக்ஸ்போர்டிற் கல்வி முடித்து, 1826ஆம் ஆண்டில் ஆஷ்லி பிரபு என்னும் பெயருடன் பார்லிமெண்டின் உறுப்பினராயினார். அக்காலத்துப் பித்தரின் நிலையை எண்ணின் நெஞ்சம் நடுங்கும். தனியார் பலர் ஊதியங் கருதி விடுதிகள் நடத்தினர். ஏழை நோயாளரை ஊர்ப் பொறுப்பாளர் வாரந்தோறும் ஒரு தொகை கொடுத்து அங்குச் சேர்ப்பித்தனர். சேர்த்தபின் அவரைத் திரும்பிப் பார்ப்பாரில்லை. 1827ஆம் ஆண்டு ராபர்ட் கார்டன் என்பார் தலைமையில் பார்லிமெண்டுக் குழு ஒன்று இலண்டனில் உள்ள பெத்னல் கிரீன் விடுதிகளைப் பற்றி ஆராய்ந்தது. ஆஷ்லி அக்குழுவில் ஓர் உறுப்பினர். சனிக்கிழமையன்று நோயாளரைத் தொட்டில் போன்ற மரப்பெட்டிகளில் வைக்கோலின்மேற் கிடத்திச் சங்கிலியாற் பிணித்து, திங்கட்கிழமை காலைவரை அவிழ்க்காது விடுதல் அங்கு வழக்கமாயிருந்தது. திங்களன்று, பனிக்காலமாயினும், முற்றத்திற் குளிர்நீர் கொண்டு அவரைக் கழுவினர். காவலர்க்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வேண்டுமன்றோ!

இக்கொடுமையை வெளியிட்டுரைப்பார் யார்? நோயாளி உரைப்பின் பித்தன் பேச்சென்று தள்ளுவர். காவலன் தானாக உரையான். விடுதியின் உடைமையாளனோ தன் வருவாயைக் கெடுத்துக்கொள்ளான். வாய் இருந்தும் சொல் செல்லாத மாந்தர் இவர். ஆதலின் இவர்பொருட்டுப் புறத்திலிருந்து ஒரு கண் வேண்டும் என ஆஷ்லி கண்டார்.

1828ஆம் ஆண்டு கார்டன் கொணர்ந்த மசோதாவை ஆதரித்து அவர் ஆற்றிய பேச்சே பார்லிமெண்டில் அவர்தம் முதற் பேச்சு. அச்சத்தாற் குரல் தாழ்ந்து, அவையோர் செவிக்குச் சரியாக எட்டவில்லை. எனினும் மசோதா சட்டமாயிற்று. இலண்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த விடுதிகளைப் பார்வையிடுதற்குப் பதினைந்து கமிஷனர்கள் அமர்த்தப்பெற்றனர். ஆஷ்லி அவருள் ஒருவராகி, சில ஆண்டுகளில் தலைவருமானார். ஊதியம் யாதும் பெறாது, நாற்றம் மிக்க அறைதொறும் தாமே புகுந்து நோக்கினார்.

1842ஆம் ஆண்டுச் சட்டம் கமிஷனர்களின் பார்வையை இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் விரித்தது. அவர்கள் நாடெங்குஞ் சுற்றி 1844ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, நாட்டினர் கண்களைத் திறந்தது. அதன் பயனாக 1845ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் இயற்றப்பெற்றன. ஒன்று, ஒவ்வொரு ஜில்லாவும் ஏழை நோயாளர்க்கு விடுதி அமைத்தலைக் கட்டாயமாக்கியது. மற்றொன்று, நிலையான கமிஷன் ஒன்றை நிறுவியது. மருத்துவர் மூவரும் பாரிஸ்டர் மூவரும் ஆண்டுக்கு 1,500 பவுன் ஊதியம் பெற்று அதன்கண் பணியாற்றினர். பிறர் ஐவர் ஊதியமின்றி அமர்ந்தனர். அவ்வைவருள் ஒருவரான ஆஷ்லியே தலைவர்.

அக்கமிஷனின் அமைப்பை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஊதியம் பெறும் கமிஷனர் வேறு தொழில் செய்தலாகாது. மருத்துவர் ஒருவரும் பாரிஸ்டர் ஒருவரும் இணைந்தே செல்வர். ஒருவர் நோயை அறிவார், மற்றவர் உரிமையை அறிவார். அவர் முன்னறிவிப்பின்றி வருவர். ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு நோயாளியையும் காண்பர்; பிணிக்கப்பட்டோர் எவர், ஏன் பிணித்தனர் என வினவுவர்; கண்டதை விடுதியில் உள்ள ஏட்டில் எழுதுவர். அறையையோ ஆளையோ அவர்க்கு மறைத்தல் குற்றமாகும். விடுதியார் சொல்லை நம்பி அமையாது தம் கண்ணாற் காண்பதே இம்முறையின் உயிர்நாடி.

ஆயினும் ஒரு வாயில் மட்டும் அடைபட்டே கிடந்தது. பல நூற்றாண்டுப் புகழ் வாய்ந்த பெத்லம் மருத்துவமனை, தன் தொன்மையையும் தன் ஆளுநர்களின் பெருமையையும் காட்டி, 1828, 1845ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டிற்கும் உட்படாது விலக்குப் பெற்றிருந்தது. மேன்மக்கள் காக்கும் இடத்திற்குப் புறக்காவல் எதற்கு என்பதே அதன் கருத்து. 1851ஆம் ஆண்டு முறையீடுகள் எழவே, உள்நாட்டு அமைச்சரின் தனி ஆணை பெற்றுக் கமிஷனர்கள் உட்புகுந்தனர். நிலவறைகளில் நோயாளர் சிலர் ஆடையின்றி வைக்கோலின்மேல் உறங்கவைக்கப்பட்டமை வெளியாயிற்று. 1853ஆம் ஆண்டில் பெத்லமும் பார்வைக்கு உட்பட்டது. ஆளுநர் அனைவரும் தீயோர் என யாம் கூறேம். நல்லோர் ஆளினும், எவரும் காணாத இடத்தில் தீமை மெல்லக் குடிபுகும் என்பதே இதனால் அறியக்கிடப்பது.

இனி, கண்காணிப்போரையும் கண்காணித்தல் வேண்டும் என்று எழுந்தார் ஒருவர். 1812ஆம் ஆண்டிற் கொலையுண்ட முதலமைச்சர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் பெர்சிவலே அவர். 1831ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகள் விடுதிகளில் அடைபட்டுத் துன்புற்று, தெளிவடைந்து வெளிவந்தவர்; நோயாளர் உரிமைக்காக 1845ஆம் ஆண்டிற் சங்கம் ஒன்று அமைத்தவர். நோயாளர் எழுதும் கடிதங்களை விடுதியார் தடுத்தலாகாது என்றும், கமிஷன் நோயாளர் பக்கம் இன்னும் உறுதியாய் நிற்றல் வேண்டும் என்றும் அவர் வாதாடினார். பெருமகனார்க்கு அவர் போக்கு உவப்பாயில்லை. எனினும், கமிஷனர்க்கு நோயாளி எழுதும் கடிதத்தைப் பிரியாது அனுப்புதல் வேண்டும் என்னும் விதி 1862ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. ஒட்டிய உறை ஒட்டியவாறே செல்லுதல் சிறு செய்தியெனத் தோன்றலாம். அடைபட்டார்க்கோ அஃது உயிர்க்காற்று.

பெருமகனாரிடத்துக் குறையே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. நோயாளரை அடைக்குமுன் நீதிபதியின் ஆணை வேண்டும் என்பதை அவர் இறுதிவரை எதிர்த்தார். அதனாற் சிகிச்சை தாமதமாகும், குடும்பங்கள் நாணி மறைக்கும் என அஞ்சினார். 1890ஆம் ஆண்டுச் சட்டம், அவர் மறைவிற்குப் பின், தனியார் செலவிற் சேர்க்கப்படும் நோயாளர்க்கு அவ்வாணையைக் கட்டாயமாக்கியது. அவர் தம் இல்லத்தும் நோயின் துயரை அறிந்தவர். அவர்தம் புதல்வருள் ஒருவர் வலிப்பு நோயால் நெடிது வருந்தி, 1855ஆம் ஆண்டில் அயல்நாட்டில் இறந்தார்.

1851ஆம் ஆண்டில் தந்தை இறந்தபின் ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவாகிய இவர், கமிஷன் தலைமையை இறக்கும்வரை விடவில்லை. 1885ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் போக்ஸ்டன் நகரில் உயிர் நீத்தார். வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் இறுதி வழிபாடு நிகழ, ஏழை மக்கள் தெருவெல்லாம் நின்று அழுதனர். ஆயினும் அவர் விரும்பியவாறு அவர் உடல் சொந்த ஊரிலேயே அடக்கம் பெற்றது.

அவர் நாளில் எழுந்த அக்கருத்து நம் நாட்டிற்கும் வந்தது. 1858ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் பித்தர் விடுதிகளுக்குப் பார்வையாளரை வகுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, நோயாளரே முறையிடுதற்கு மறுஆய்வு வாரியங்களை வகுத்துள்ளது. சட்டம் வாயிலைத் திறக்கும். உட்புகுந்து நோக்க மாந்தர் வேண்டும். கல்லூரி விட்டேகும் நம்மில் மருத்துவராவார், வழக்கறிஞராவார், அரசியல் அலுவலராவார் பலர் உளர். பூட்டிய கதவு ஒன்றன்முன் நிற்க நேரின், உள்ளிருப்போரையும் கண்டே திரும்புவோமாக.