கொள்ளிடக் கரையில் ஒரு காவலூர்: ஏலாக்குறிச்சியும் வீரமாமுனிவரும்



முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகின்ற கொள்ளிடம், ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. பாலத்தின் மேல் பேருந்தில் போகும் நமக்கு அது பெரும்பாலான மாதங்களில் மணல் ஆறு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது ஓர் எல்லைக் கோடு. தென்கரையில் தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆட்சி. வடகரையில் அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களின் நிலம். திருச்சியில் மதுரை நாயக்கர்களின் தலைநகரம். ஒரு கரையில் துன்புறுத்தப்பட்டவன் மறுகரைக்கு வந்துவிட்டால் உயிர் பிழைக்கலாம்.

அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு. 1701ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் சாகஜியின் காலத்தில் கிறிஸ்தவர்கள் மீது பெரும் கலாபனை எழுந்தது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டனர், பலர் வீடு நிலத்தை விட்டு ஓடினர். தஞ்சை நாட்டுக்குள் குருக்கள் வெளிப்படையாகத் தங்க முடியாத நிலை ஏற்பட்டது. ஆற்றுக்கு வடக்கே, அரியலூர் மழவராயர்களின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. இன்று நமது அண்டை மறைமாவட்டமாகிய கும்பகோணத்தில் அடைக்கல மாதா திருத்தலமாக விளங்கும் ஊர் அதுதான். நம் பங்குகளிலிருந்து வண்டி பிடித்து ஏலாக்குறிச்சி போகாத குடும்பங்கள் குறைவு. ஆனால் அடைக்கலம் என்ற சொல் அங்கே எப்படி வந்தது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அழகான பக்திப் பெயராக அதைச் சூட்டவில்லை. ஓடி வந்தவர்களின் ஊருக்கு ஓடி வந்தவர்களின் தாய் என்று வைத்த பெயர் அது.

இந்த ஊரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டவர் வீரமாமுனிவர். அவரை நாம் பாடப்புத்தகத்தில் முதலில் சந்திக்கிறோம். சதுரகராதி, தொன்னூல் விளக்கம், எகர ஒகரச் சீர்திருத்தம் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். சென்னைக் கடற்கரையில் 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவருக்குச் சிலை வைத்தார்கள். இவையெல்லாம் பெருமைதான். ஆனாலும் அவரைத் தமிழறிஞராக மட்டும் கொண்டாடும்போது, அவர் ஒரு பங்குச்சாமியாராகவும் இருந்தார் என்பது மறைந்துபோகிறது.

இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8 அன்று பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, லிஸ்பனில் கப்பலேறி 1710இல் கோவா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மதுரை மறைத்தளம். அப்போது அவருக்கு வயது 30. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. முப்பது வயதில் அரிச்சுவடி பிடித்த ஒருவர் காப்பியம் பாடினார் என்பதைக் கேட்டால், தாய்மொழியில் பத்து நிமிட மறையுரைக்குத் தயாரிக்கவே சோம்பல்படும் என்னைப் போன்ற குருக்களுக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது!

தெற்கே காமநாயக்கன்பட்டி முதலிய இடங்களில் பணியைத் தொடங்கினார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, நம் நாட்டுத் துறவியைப் போல வாழ்ந்தார். தொடக்க ஆண்டுகளிலேயே சிறைப்பட்டு, மரண தண்டனை வரை சென்று உயிர் தப்பினார். கான்ஸ்டன்டைன் என்ற பெயரின் பொருளையொட்டித் தைரியநாதர் என்று முதலில் அழைக்கப்பட்டார். வீரமாமுனிவர் என்பது பின்னர் வந்தது. சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் கற்றார் என்பது மரபு. பிறகு வடக்கே வந்து, கொள்ளிடக் கரையைத் தம் பணித்தளமாக்கிக்கொண்டார்.

ஏலாக்குறிச்சியை அவர் திருக்காவலூர் என்று பாடினார். திருக்காவலூர்க் கலம்பகம் என்றே ஒரு நூல் செய்தார். கலம்பகம் என்பது மன்னர்களுக்கும் பெருங்கோயில்களுக்கும் புலவர்கள் பாடிய இலக்கிய வகை. கோபுரங்கள் உயர்ந்து நிற்கும் இந்தக் காவிரி நாட்டில், ஒரு சிறு கிராமத்தின் சிறு கோயிலுக்கு அந்த மாலையைச் சூட்டினார். வீடிழந்து வந்து குடியேறியவர்களுக்கு, தங்கள் ஊரும் பாடல் பெற்ற ஊர் என்று தெரிந்தபோது என்ன தோன்றியிருக்கும்! தூரத்து நாட்டு மறைசாட்சியான கித்தேரி அம்மாளின் வரலாற்றை அம்மானையாகப் பாடியதும் இப்படித்தான். அம்மானை பெண்கள் காய்களை வீசிப் பிடித்து விளையாடிக்கொண்டே பாடுவது. ஏட்டைப் படிக்கத் தெரியாதவர்களும் பாடிப் பாடியே கதையை மனத்தில் பதித்துக்கொள்ளக்கூடிய வடிவம்.

இங்கே தேம்பாவணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1726இல் நிறைவுற்ற இந்தக் காப்பியம் 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்டது. காப்பியத் தலைவர் புனித சூசையப்பர். அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். காப்பியம் என்றால் தலைவன் அரசனாகவோ வீரனாகவோ இருப்பது வழக்கம். இவரோ ஒரு தச்சரை எடுத்துக்கொண்டார். நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத மனிதர் அவர். கனவில் கேட்டதைக் காலையில் எழுந்து செய்தவர். அவரைப் பற்றி 3615 பாடல்கள்! ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்தா மரியாளின் நூல் அவருக்கு அடிப்படையாக உதவியது. ஆனால் நிலம் நம்முடையது. யூதேயாவை அவர் வருணிக்கும்போது நெல்லும் கரும்பும் நீர் ததும்பும் வயல்களும் வருகின்றன.

மத்தேயு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் எகிப்துக்கு ஓடிய நிகழ்ச்சி சில வசனங்களில் முடிந்துவிடுகிறது (மத் 2:13-15). தேம்பாவணியிலோ அந்தப் பயணமும் எகிப்து வாழ்வும் காப்பியத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஏன் இத்தனை நீளம்? புலவர்கள் இதற்குக் காப்பிய இலக்கணத்தைக் காரணம் சொல்லலாம். எனக்கு வேறொன்று படுகிறது. இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடந்த ஒரு குடும்பத்தின் கதையை, இரவோடு இரவாக ஆற்றைக் கடந்த குடும்பங்களுக்கு மேய்ப்பராயிருந்த ஒருவர் பாடுகிறார். ஞாயிறு பூசைக்கு அவர் முன் தரையில் அமர்ந்திருந்தவர்களுக்கு ஏரோது யார் என்று விளக்கத் தேவையிருந்திருக்காது.

இப்படிச் சிதறிக் கிடந்த மக்களை ஒரு கை விரலுக்குள் அடங்கும் குருக்கள் எப்படிக் காத்தார்கள்? உபதேசியார்களால்தான். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ சாமியார் வந்து போகும் கிராமங்களில், செபம் சொல்லிக்கொடுத்து, சாகும் நிலையிலிருந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்து, இறந்தவரை அடக்கம் செய்து, சண்டை தீர்த்து வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்காகத்தான் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், உபதேசியாருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஓடும் உரைநடையில் எழுதினார். பரமார்த்த குருவின் கதையைப் படித்து இன்றும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதே கை எழுதியதுதான் இதுவும். தமிழ் உரைநடையின் வரலாற்றில் இதற்கு இடமுண்டு என்பார்கள் ஆய்வாளர்கள். எனக்கோ, கிளைக்கிராமத்து உபதேசியாரை உடன்பணியாளராக மதித்து ஒரு நூலே எழுதினாரே என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. இன்று பல பங்குகளில் உபதேசியார் என்றால் மணி அடிப்பவர், சாவி வைத்திருப்பவர் என்று சுருங்கிவிட்டது. அவருடைய மாதச் சம்பளத்தை இங்கே எழுதினால் நமக்குத்தான் வெட்கம்.

ஏலாக்குறிச்சிக்கு நிலம் கிடைத்த கதையை ஊரார் தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அரியலூர் அரசர் மழவராயருக்கு முதுகில் ராஜபிளவை கண்டது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். முனிவர் மாதாவை வேண்டி, மண்ணும் பச்சிலையும் குழைத்துப் பூச, பிளவை ஆறியது. நன்றியுணர்வால் அரசர் மாதா கோயிலுக்கு நிலம் கொடுத்தார். தமிழ் மருத்துவத்திலும் பயிற்சி பெற்றவர் என்று சொல்லப்படும் அவர் வைத்தியம் பார்த்திருந்தால் வியப்பில்லை. திருச்சியில் சந்தா சாகிபுக்குத் திவானாக இருந்தார், பட்டாடையும் பல்லக்குமாகப் பவனி வந்தார் என்ற இன்னொரு கதையும் உண்டு. 1822இல் புதுவை முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றின் வழியாக அது பரவியது. சபையின் ஆவணங்களை ஆராய்ந்த அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. அது கதையாகவே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. பல்லக்குச் சாமியார்கள் நமக்குப் போதிய அளவு உண்டு.

அடைக்கலம் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. மதுரை மறைத்தளம் சாதிக்கு அடைக்கலம் கொடுத்த தளமாகவும் இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனி இடம், தனி வாசல், சில வேளை தனிக் கோயில் என்ற வழக்கத்தை அக்காலக் குருக்கள் ஏற்றுக்கொண்டே பணிசெய்தனர். திருத்தந்தையின் தூதராகப் புதுவைக்கு வந்த தூர்னோன் ஆண்டகை, 1704இல் தாழ்த்தப்பட்டோரின் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளுக்கு அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்று ஆணையிட்டார். நாற்பது ஆண்டுகள் வழக்காடி, 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதி ஆணை பிறப்பிக்கும் வரை இழுபறிதான். வீரமாமுனிவரின் பணிக்காலம் முழுவதும் இந்த இழுபறிக்குள்தான் கழிந்தது. அவர் காலத்தின் மனிதர் அவர் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் நடுவே சுவர் நிற்கும்போது, நாம் எந்தக் காலத்தின் மனிதர்கள்?

இன்னொரு வழக்கும் அவருக்கு இருந்தது. தரங்கம்பாடியிலிருந்த லூத்தரன் சபையாரோடு எழுத்தில் கடுமையாக மோதினார். வேத விளக்கம் போன்ற நூல்கள் அந்தச் சூட்டில் பிறந்தவை. இன்று படித்தால் சில இடங்களில் முகம் சுளிக்கத் தோன்றும். ஆயினும், அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது எந்த அச்சகம் தெரியுமா? அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம். நூல் நல்ல நூல் என்று எதிராளிக்கும் தெரிந்திருந்தது. கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் சொல்வதற்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

அவர் இங்கே பணிசெய்த காலத்தில் திருச்சியில் ஆண்டவர் விசயரங்க சொக்கநாத நாயக்கர். ஸ்ரீரங்கம் கோயிலில் அவருடைய ஆளுயரச் சிலை குடும்பத்தாரோடு இன்றும் நிற்கிறது. 1732இல் அவர் இறந்ததும் எல்லாம் குலைந்தது. அரசி மீனாட்சியிடமிருந்து கோட்டை சந்தா சாகிபின் கைக்குப் போனது. 1741இல் மராட்டியர் முற்றுகையிட்டுத் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிபைக் கைதியாகக் கொண்டுபோனார்கள். படைகள் போகும் வழியிலிருந்த ஊர்கள் என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்த அந்த முதியவர், அறுபது வயதுக்குமேல் தாமே இந்தக் கரையை விட்டுப் போக நேர்ந்தது. தெற்கே கடற்கரைக்கும், பிறகு சேர நாட்டில் அம்பழக்காட்டில் இருந்த சபை இல்லத்துக்கும் சென்றார். அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1679இல், புரோவென்சா அடிகளின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி அச்சேறியது அந்த அம்பழக்காட்டில்தான். அகராதிகளால் வாழ்ந்தவர் அந்த ஊரில் 1747 பிப்ரவரி 4 அன்று இறந்தார்.

1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. அதன் பின் பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள் புதுவையிலிருந்து இந்தப் பகுதியைக் கவனித்துவந்தார்கள். அவர்களுடைய புதுவை அச்சகம்தான் 1851 முதல் 1853 வரை தேம்பாவணியை மூன்று பகுதிகளாக முதன்முதலில் அச்சிட்டது. அது முற்றுப்பெற்று 125 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை பனையோலையில் இருந்தது. ஓலை செல்லரிக்கும், வெள்ளத்தில் போகும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எழுத்தாணி எடுத்து உட்கார்ந்து 3615 பாடல்களையும் மறுபடி எழுதினார்.