ஐந்து சென்ட் கூலியும் ஆறு இலக்கச் சம்பளமும்

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்)



கேம்பஸ் இன்டர்வியூ நடந்த அந்த வாரத்தை ஹாஸ்டல்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ராத்திரி மெஸ்ஸில் சாப்பாடு ஆறிக் கிடக்கும், பேச்சு மட்டும் சூடாக ஓடும். மாசம் ஆறு இலக்கச் சம்பளம் நம்ம டிப்ளமோக்காரனுக்கு எப்ப வரும், வருமா வராதா என்பதுதான் பேச்சு. அந்த வாரம் எனக்கு இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது. ஒன்று, ஷோரூமில் உட்கார்ந்து பில் போடும் வேலை. இன்னொன்று, ஒரு மெஷின் ஷாப்பில் பயிற்சி வேலை. முதல் இடத்தில் கைக்கு வருவதில் ஏறக்குறைய பாதிதான் இரண்டாவது இடத்தில். வீட்டிலோ அப்பா வாங்கிய கடன் இருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் ஒர்க்‌ஷாப் சாரிடம் போய் நின்றேன். இதை எடு, அதை விடு என்று அவர் சொல்லவில்லை. வால்டர் கிரைஸ்லர் வாழ்க்கையைப் படிச்சிட்டு வா, அப்புறம் பேசுவோம் என்று அனுப்பிவிட்டார்.

கிரைஸ்லர் என்றால் கார், நியூயார்க்கில் வானளாவிய கட்டடம், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். படித்தபிறகுதான் தெரிந்தது, அந்த மனுஷன் நம்ம ஆளு! கையில் அரம் பிடித்தவர், கிரீஸ் பூசிய சட்டை போட்டவர். அவர் கதையை நமக்குப் பயன்படும் விதத்தில் இங்கே சொல்கிறேன்.

வால்டர் கிரைஸ்லர் 1875 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். அப்பா ரயில் இன்ஜின் டிரைவர். வளர்ந்தது எல்லிஸ் என்ற சின்ன ரயில்வே ஊரில். இன்ஜின் சத்தத்திலேயே வளர்ந்த பையனுக்கு ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்பாவோ காலேஜில் படிக்கவைக்க நினைத்தார், அப்ரண்டிஸுக்குச் சம்மதிக்கவில்லை. நம்ம வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கிறது இல்லையா? பையன் என்ன செய்தான் தெரியுமா? அதே யூனியன் பசிபிக் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் துடைப்பம் பிடிக்கும் வேலையில் சேர்ந்தான். மணிக்கு 10 சென்ட், பத்து மணி நேரம் பெருக்கினால் ஒரு டாலர். பிறகு அப்பா மனம் இறங்கி, அப்ரண்டிஸாகச் சேர அனுமதித்தார். அப்ரண்டிஸுக்குக் கூலி எவ்வளவு? மணிக்கு 5 சென்ட்! பெருக்குகிறவனுக்குக் கொடுத்ததில் சரிபாதி. அவர் மகிழ்ச்சியோடு அதை ஏற்றுக்கொண்டார். தொழில் வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் சம்பளக் குறைப்பு அதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் மூன்று வரப்போகிறது.

நாலு வருஷ அப்ரண்டிஸ். நல்ல கருவிகள் வாங்கக் காசு கிடையாது. அதனால் தன் கருவிகளைத் தானே செய்துகொண்டார். காலிப்பரிலிருந்து அவற்றை வைக்கும் பெட்டி வரை எல்லாம் அவர் கைவேலை. முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு எம்.எஸ். பிளேட்டைச் சதுரமாக்க நாம பட்ட பாடு நினைவிருக்கும். அப்படி அராவி அராவி அவர் ஒரு குட்டி ரயில் இன்ஜினையே செய்து ஓடவிட்டார். வேலை நேரம் போக, தபால் வழிக் கல்வியில் இன்ஜினியரிங் பாடங்களும் படித்தார். பகலில் இன்ஜினைக் கழற்றுவது, இரவில் அது ஏன் ஓடுகிறது என்று படிப்பது. பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. கற்றதை ஒருநாளும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்ததும் ஊர் ஊராகச் சுற்றினார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொள்ள வேண்டியது தீர்ந்ததும் அடுத்த ஊர். 1901-இல் டெல்லா என்ற எல்லிஸ் ஊர்ப் பெண்ணை மணந்து, சால்ட் லேக் சிட்டியில் ரயில்வே மெக்கானிக்காகக் குடித்தனம் நடத்தினார். கூலி மணிக்கு 30 சென்ட். ஒருநாள் சிலிண்டர் மூடி உடைந்த இன்ஜின் ஒன்று வந்து நின்றது. சில மணி நேரத்தில் அது மறுபடி வண்டியை இழுத்துப் போயாக வேண்டும். முடியுமா என்று மேலதிகாரி கேட்டார். கிரைஸ்லர் வேலையில் இறங்கி, நேரத்துக்குள் முடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அதே இடத்தில் ஃபோர்மேன் ஆனார். சர்டிஃபிகேட்டைக் காட்டி அவர் பதவி கேட்கவில்லை. வேலை தெரியும் என்பது தெரியவேண்டியவர் கண்ணில் பட்டது.

அங்கிருந்து படிப்படியாக ஏறினார். 33 வயதில் சிகாகோ கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் அத்தனை இன்ஜின்களுக்கும் பொறுப்பான சூப்பிரண்டெண்ட். மாதம் 350 டாலர் சம்பளம். இந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தார். 1908-இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் லோகோமொபைல் என்ற வெள்ளைக் காரைப் பார்த்து மயங்கிப்போனார். விலை 5,000 டாலர். கையிலிருந்த சேமிப்பு 700 டாலர். மீதி 4,300 டாலரைக் கடன் வாங்கி அந்தக் காரை வாங்கினார்! வாங்கியதும் ஓட்டினாரா என்றால் இல்லை. கொட்டகையில் வைத்து, பாகம் பாகமாகக் கழற்றினார். வரைந்து பார்த்தார், மறுபடி பூட்டினார், மறுபடி கழற்றினார். மாதக்கணக்கில் இதே வேலை. டெல்லா அம்மாள் ஒரு சுற்றுகூடப் போகாமல் காத்திருந்தாராம். நாம பெருமைக்குப் பைக் வாங்குகிறோம், அவர் பாடப்புத்தகமாகக் கார் வாங்கினார். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல் கடன் வாங்குவதை யாரும் வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குப் பலித்தது, எல்லோருக்கும் பலிக்காது.

ரயில்வே தலைவரோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் அந்த வேலையை விட்டார். பிட்ஸ்பர்க் நகரில் ரயில் இன்ஜின் தயாரிக்கும் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியில் மாதம் 275 டாலருக்குச் சேர்ந்தார். இது இரண்டாவது குறைப்பு. இதுவரை இன்ஜினைப் பழுதுபார்த்தவர், இனி இன்ஜினைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார். நஷ்டத்தில் ஓடிய தொழிற்சாலை அவர் கையில் லாபத்துக்குத் திரும்பியது. கம்பெனி அவரை விடாமல் வைத்துக்கொள்ள ஆண்டுக்கு 12,000 டாலர் தர முன்வந்தது. அதே நேரம் ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் கார் தொழிற்சாலையிலிருந்து இன்னொரு அழைப்பு. அவர்களால் தர முடிந்தது 6,000 டாலர்தான். பன்னிரண்டை விட்டு ஆறை எடுத்தார். மூன்றாவது குறைப்பு! கொட்டகையில் கழற்றிப் பார்த்த அந்தக் கார்தான் உள்ளே இருந்து அவரை இழுத்திருக்க வேண்டும்.

1912-இல் ஃப்ளின்ட் நகரத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர், வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தார். வேலையாட்கள் பெரும்பாலும் குதிரை வண்டி செய்த தச்சர்கள். அருமையான கைத்திறன், ஆனால் இரும்பையும் மரம் மாதிரியே இழைத்துக்கொண்டிருந்தார்கள். யார் கண்ணிலும் படாத அடிச்சட்டத்துக்குக்கூட, வண்டிக்கு அடிப்பதுபோல் பூச்சுமேல் பூச்சு அடித்து, காயும்வரை காத்திருந்தார்கள். அந்தப் பூச்சுகளைக் குறைத்தார். மரச் சட்டங்களைத் தண்டவாளம்போல் போட்டு, அடிச்சட்டத்தை அதன்மேல் தள்ளிக்கொண்டே போய் ஒவ்வொரு பாகமாகப் பூட்ட வைத்தார். நாளைக்கு 45 கார் வந்த இடத்தில் 200 கார் வந்தது. நாம புரொடக்‌ஷன் பாடத்தில் படிக்கிற டைம் ஸ்டடியும் மெத்தட் ஸ்டடியும் இதுதான், நண்பர்களே! பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது இதற்குள் இவ்வளவு பணம் இருக்கிறது என்று நமக்கு யார் சொன்னார்கள்?

மூன்று வருஷம் அந்த 6,000 டாலருக்கே உழைத்தார். பிறகு நேராகத் தலைவர் அறைக்குப் போய், ஆண்டுக்கு 25,000 வேண்டும் என்று கேட்டார். கிடைத்தது. அதோடு விட்டாரா? அடுத்த வருஷம் 50,000 வேண்டும் என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டு வந்தார்! இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். குறைந்த கூலிக்குச் சம்மதித்தவர் ஏமாளி இல்லை. கற்கிற காலத்தில் காசைப் பார்க்கவில்லை, கற்று முடித்துக் காட்டியபிறகு கூசாமல் கேட்டார். நம்மில் பலர் இரண்டாவது பாதியைச் செய்வதில்லை. சார் பார்த்துப் போட்டுக் கொடுப்பார் என்று வாய்மூடிக் காத்திருக்கிறோம்.

1916-இல் ஜெனரல் மோட்டார்ஸைத் திரும்பக் கைப்பற்றிய வில்லியம் டியூரன்ட், கிரைஸ்லர் விலகிப் போய்விடாமலிருக்க ஒரு சம்பளம் சொன்னார். ஆண்டுக்கு 5 லட்சம் டாலர், மூன்று வருஷத்துக்கு. மாதம் 10,000 டாலர் ரொக்கமாகவே கைக்கு வரும். 5 சென்ட் கூலிக்காரர் ஆறு இலக்கத்தைத் தொட்டுவிட்டார். அப்போது வயது 41. துடைப்பம் பிடித்த நாளிலிருந்து எண்ணினால் சுமார் 24 வருஷம். இரண்டு வருஷத்தில் லட்சம் வேண்டும் என்று மெஸ்ஸில் சண்டை போடும் நண்பர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

டியூரன்டோடு ஒத்துப்போகாமல் அங்கிருந்தும் விலகினார். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த வில்லிஸ்-ஓவர்லேண்ட் கம்பெனியைக் காப்பாற்ற, 1920-இல் வங்கிக்காரர்கள் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்து அவரை அழைத்தார்கள். அது ஏழு இலக்கம். போனவுடன் முதலாளி வில்லிஸின் சம்பளத்தையே 1,50,000-லிருந்து 75,000 ஆகக் குறைத்தார் என்றால் ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து மேக்ஸ்வெல் என்ற இன்னொரு நொடித்த கம்பெனி. அங்கே வாங்கியது ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர்தான், அதோடு பங்குகள் வாங்கும் உரிமை. நான்காவது குறைப்பு. இந்த முறை சம்பளத்தைவிடப் பங்குதான் பெரிது என்று கணக்குப் போட்டார். ஜெடர், ஸ்கெல்டன், பிரீர் என்ற மூன்று இன்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு புதிய கார் ஒன்றை உருவாக்கினார். 1924-இல் நியூயார்க் கண்காட்சியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஹோட்டல் வரவேற்பு அறையிலேயே நிறுத்திக் காட்டினார், கூட்டம் அங்கே வந்தது. 1925-இல் கிரைஸ்லர் கார்ப்பரேஷன் பிறந்தது. 1928-இல் டாட்ஜ் கம்பெனியையும் வாங்கி, அமெரிக்காவின் மூன்று பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றானது.

1930-இல் திறக்கப்பட்ட 1,046 அடி உயர கிரைஸ்லர் கட்டடம் அன்றைக்கு உலகிலேயே உயரமானது. அதன் உச்சிப் பகுதியில் அவர் மக்கள் பார்வைக்கு வைத்தது என்ன தெரியுமா? எல்லிஸில் தன் கையால் செய்த அந்தக் கருவிப் பெட்டியை!

இது மாணவர் சங்க மலர். அதனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒருவருடைய சம்பளம் ஏறிய அளவுக்கு எல்லோருடைய கூலியும் ஏறிவிடவில்லை. 1937 மார்ச்சில் கிரைஸ்லரின் டெட்ராய்ட் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மாநில ஆளுநர் தலையிட்டு, ஏப்ரலில் உடன்பாடு வந்தது. தனி ஆளாக ஏறியவர் கதை அது. சேர்ந்து நின்று கேட்டவர்கள் கதை இது. ஊதியம் வளர இரண்டு வழியும் உண்டு, இரண்டையும் நாம தெரிந்துகொள்ள வேண்டும். கிரைஸ்லர் 1940 ஆகஸ்ட் 18-ஆம் தேதி தமது 65-ஆவது வயதில் காலமானார்.

இனி என் கதைக்கு வருகிறேன். புத்தகத்தை மூடியபிறகும் அப்பாவின் கடன் அப்படியேதான் இருந்தது. கார்கள் பெருகப்போகும் காலத்தில் கார் வேலை தெரிந்தவராக அவர் இருந்தார். அந்த நல்ல நேரம் எல்லோருக்கும் வாய்க்காது. குறைந்த சம்பளம் எல்லாமே படிக்கட்டு ஆகிவிடாது, சில வெறும் பள்ளம்தான். எனவே மெஷின் ஷாப்காரர்களிடம் திரும்பப் போய்க் கேட்டேன். எந்தெந்த மெஷினில் நிற்கவைப்பீர்கள், ஒரே மெஷினில் எத்தனை மாதம், முடிந்ததும் என்ன சம்பளம், எழுதித் தருவீர்களா? எழுதித் தந்தார்கள். அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வட்டியை இன்னும் ஒரு வருஷம் நான் பார்த்துக்கிறேன், நீ தொழிலைக் கத்துக்கோ என்றார்.

ஜூலையில் சேருகிறேன். அந்த ஒரு வருஷம் அப்பா எனக்குக் கொடுத்த கடன், இதையும் நான் அடைக்கவேண்டும். கற்க ஒன்றும் இல்லை என்று ஆனால் வேறு இடம் பார்ப்பேன். கற்று முடித்தால் வாயைத் திறந்து கேட்பேன். ஆறு இலக்கம் வருமா, எனக்குத் தெரியாது. கருவிப் பெட்டி மட்டும் தயார், நண்பர்களே.