பனிமலர் கண்ட பெருந்தகை வில்சன் பென்ட்லி

மார்கழி வைகறையில் புல்நுனியில் நின்றொளிரும் நீர்த்துளியையும் பனி என்கிறோம். இமயத்தின் முடியில் உறைந்து கிடப்பதையும் பனி என்றே வழங்குகிறோம். முன்னதை நாம் தாய்நாட்டில் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். பின்னதை, கடல் சூழ்ந்த இவ்வந்தமான் தீவுகளில் வாழும் நம்மிற் பலர் படத்தில் மட்டுமே கண்டிருப்போம். ஆயினும் நம் குடியிருப்புகளில் குரோஷா ஊசி பிடிக்கும் பெண்மக்கள் வெண்ணூலால் பின்னும் அணிகளுள் ஆறு கிளையுடைய பனிமலரும் ஒன்றாகும். கண்ணாற் காணாத பொருளின் வடிவம் நம் கைவிரல்களுக்கு எங்ஙனம் வந்தது? அதனை உருக்குலையாமல் பிடித்து உலகிற்கு வழங்கியவர் ஓர் உழவர் மகனார். அன்னாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக நம் இல்லங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

வட அமெரிக்காவில் வெர்மான்ட் என்னும் மாநிலம் உண்டு. ஆண்டிற் பல திங்கள் பனி மூடிக் கிடக்கும் குளிர்நாடு அது. அங்கே ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் 1865-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் வில்சன் பென்ட்லி பிறந்தார். தந்தையார் கறவை மாடுகளைப் பேணிப் பிழைத்த உழவர். அன்னையார் திருமணத்திற்கு முன் பள்ளியாசிரியையாக இருந்தவர். மகனுக்குப் பதினான்கு வயது வரையில் வீட்டிலேயே கல்வி புகட்டியவர் அவ்வம்மையாரே. தாம் கற்பிக்கப் பயன்படுத்திய பழைய நுண்பெருக்கி ஒன்றை மகனுக்குப் பதினைந்தாம் வயதில் கொடுத்தார். அக்கருவியே அவர்தம் வாழ்க்கையின் திசையை வகுத்தது.

ஊர்ச் சிறுவர்கள் பனியை உருட்டி எறிந்து விளையாடிய வேளையில், பென்ட்லி அப்பனியின் ஒரு துகளை எடுத்துக் கண்ணாடியின் கீழ் வைத்தார். வெறும் வெண்பொடி என எண்ணியது ஆறு இதழ் விரித்த மலராகத் தோன்றிற்று. அடுத்த துகள் மற்றொரு மலர், அதற்கடுத்தது வேறொன்று. அவற்றைத் தாளில் வரைய முயன்றார். பாதி வரையுமுன் மலர் உருகி நீராயிற்று. உருகிய மலரை மீண்டும் காண வழியில்லை என்பது அவ்விளைஞரின் உள்ளத்தை வாட்டியது. நுண்பெருக்கியோடு புகைப்படக் கருவியை இணைத்தால் அம்மலரை அழியாமற் காக்கலாம் என்று துணிந்தார்.

முதற்படம்

கருவியின் விலை ஏறத்தாழ 100 டாலர். எளிய உழவர் குடும்பத்திற்கு அது பெருஞ்செலவு. பனியைப் படமெடுப்பது பயனற்ற வேலை என்பதே தந்தையாரின் கருத்து. எனினும் மகனின் ஆர்வத்திற்கும் மனைவியின் பரிந்துரைக்கும் இணங்கி வாங்கிக் கொடுத்தார். தோல்விமேல் தோல்வி வந்தது. இறுதியில் 1885-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், இருபது வயது நிரம்புமுன்னரே, தனியொரு பனிப்படிகத்தின் படத்தை அவர் செம்மையாக எடுத்து முடித்தார்.

அவர் கையாண்ட முறை எளியதேயாயினும் பெரும்பொறுமையை வேண்டியது. கொட்டும் பனியில் கரும்பலகையொன்றை ஏந்தி நிற்பார். அதன்மேல் வீழ்ந்தவற்றுள் குலையாத ஒன்றைத் தேர்ந்து, மெல்லிய குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் இட்டு, பறவையின் இறகால் மெல்ல அழுத்திப் படியவைப்பார். கணப்பு இல்லாத கொட்டகையிலேயே இவ்வளவும் நிகழும். கைக்கு உறை அணிந்து, மூச்சின் வெம்மை படாதவாறு அடக்கி, சாளரத்தின் ஒளியைக் கொண்டு படமெடுப்பார். பின்னர்ப் படிகத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள பகுதியைப் படத்தகட்டிற் கூரிய கத்தியாற் சுரண்டி, கரிய பின்புலத்தில் வெண்மலர் விளங்கச் செய்வார். இவ்வாறு சுரண்டுவது முறையோ என ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹெல்மன் குறை கூறியதும் உண்டு. பென்ட்லி தம் முறையை விட்டாரல்லர். தம் வாழ்நாளில் அவர் எடுத்த படங்கள் 5000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றைப்போல் மற்றொன்று அமைந்திருக்கக் கண்டிலர்.

பனியோடு அவர் நின்றுவிடவில்லை. புல்மேற் படிந்த பனித்துளியையும் சாளரக் கண்ணாடியில் உறைந்த உறைபனியையும் படமெடுத்தார். தட்டில் மாவைப் பரப்பி மழையிற் காட்டி, துளி வீழ்ந்து உண்டான மாவுருண்டைகளை அளந்து, மழைத்துளியின் அளவைக் கணித்தார். அவ்வாராய்ச்சி 1904-இல் வெளிவந்தது.

ஆறு என்னும் எண்

பனிமலர் ஆறு கிளை விடுவது ஏன் என்ற வினா பழையது. வானநூற் புலவர் கெப்ளர் 1611-ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து சிறுநூல் ஒன்று எழுதினார். நீர் உறையும்போது அதன் நுண்கூறுகள் அறுகோண அடுக்காக இணைகின்றன என்பது இன்று தெளிந்த உண்மை. ஒரு படிகத்தின் ஆறு கிளைகளும் ஒரே முகிலில் ஒரே வழியில் ஒருங்கே பயணம் செய்து, குளிரையும் ஈரத்தையும் ஒப்பப் பெறுவதால் தம்முள் ஒத்து வளர்கின்றன. வேறொரு படிகத்தின் பயணம் வேறு. ஆதலின் அதன் வடிவமும் வேறு. பென்ட்லியின் படங்களால் ஊக்கம் பெற்ற ஜப்பானிய அறிஞர் நாகாயா, 1936-இல் ஆய்வுக்கூடத்திலேயே முயலின் மயிரொன்றில் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழ் 15 பாகைக் குளிரில் கிளைவிடும் விண்மீன் வடிவும், 5 பாகையளவில் ஊசி வடிவும் தோன்றுவதை மெய்ப்பித்தார்.

இவ்வறுகோணம் நம் பெண்டிர்க்குப் புதிதன்று. நேர்ப்புள்ளிக் கோலம் நான்கு பக்கமாக விரியும். இடைப்புள்ளிக் கோலமோ ஆறு பக்கமாக விரியும். நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்துங்கால் அமைவது செவ்விய அறுகோணமே. மார்கழி வாயிலில் அரிசிமாவால் நம் அன்னையர் வரைந்த விண்மீனும், வெர்மான்ட்டு வானம் வரைந்த விண்மீனும் ஒரே கணக்கிற் பிறந்தவை.

நூலும் பின்னலும்

பென்ட்லியின் முயற்சியை அறிஞருலகம் மெல்லவே உணர்ந்தது. வெர்மான்ட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்கின்ஸ் துணையோடு 1898-இல் அவர்தம் முதற்கட்டுரை வெளிவந்தது. 1903-இல் ஐந்நூறு படங்களை ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அனுப்பினார். படத்தகடுகளைக் கல்லூரிகளுக்கும் கலைஞர்க்கும் மிகக் குறைந்த விலைக்கே விற்றார். நகை செய்வோரும் துணிக்கு உருவமைப்போரும் அவற்றைப் பார்த்துப் புதுவடிவங்கள் படைத்தனர். பின்னற் கலைஞரும் அவ்வழியே சென்றனர்.

நம் தென்தமிழ்நாட்டிலும் நூலால் மலர் செய்யும் கலைக்கு வயதுண்டு. கால்டுவெல் பெருமகனாரின் மாமியாராகிய மார்த்தா மால்ட் அம்மையார், நாகர்கோவிலில் 1821-ஆம் ஆண்டளவில் பெண்களுக்கு லேஸ் பின்னலைக் கற்பிக்கத் தொடங்கினார். லேஸ் வேறு, குரோஷா வேறு எனினும் இரண்டும் நூலை மலராக்கும் கலைகளே.

உண்மைப் படிகத்தைப் பார்த்துக் குரோஷாவிற் பின்ன விரும்பும் நம் சகோதரியர் ஆறு என்னும் கணக்கை மறத்தலாகாது. ஆறு சங்கிலிகளை வளையமாக இணைத்து, அதனுள் 12 நெடும்பின்னல் இட்டு, இரண்டிற்கு ஒன்றாகக் கிளை பிரித்தால் ஆறு கிளைகள் அமையும். கிளைதோறும் சிறு வளையங்கள் வைத்து முள்போல் நீட்டலாம். எட்டுக் கிளையும் ஐந்து கிளையும் பின்னற்கு எளியவையாயினும் பனிக்கு உரியனவல்ல. இரு படிகங்கள் ஒட்டிப் பன்னிரண்டு கிளையாவது மட்டும் அரிதாக உண்டு. முடித்தபின், தாளில் ஒரு புள்ளியினின்று ஆறு கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து, அவற்றின்மேல் கிளைகளைக் குண்டூசியாற் குத்தி, கஞ்சி தோய்த்து உலர்த்தினால் மலர் விறைத்து நிற்கும். நம் தீவின் மழைக்காலத்தில் நன்கு உலர்ந்தபின்னரே எடுத்தல் நலம்.

இறுதி நாட்கள்

பென்ட்லி மணம் புரிந்தாரல்லர். பிறந்த பண்ணையிலேயே வாழ்ந்து, உழவையும் விடாது, பனியையும் விடாது நாற்பத்தாறு குளிர்காலங்களைக் கழித்தார். அமெரிக்க வானிலை இயலாளர் ஹம்ப்ரீஸ் துணையோடு, 2400-க்கும் மேற்பட்ட படங்கள் அடங்கிய அவர்தம் பெருநூல் 1931-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அடுத்த திங்களே, பனிப்புயலில் நெடுந்தொலைவு நடந்து வீடு திரும்பியவர் நுரையீரற் காய்ச்சலுற்று, டிசம்பர் 23-ஆம் நாள் மறைந்தார். வாழ்நாள் உழைப்பு நூலான சில வாரங்களிலேயே அவர் வாழ்வு முடிந்தது. சற்றுப் பிந்தியிருந்தால் அந்நூலை அவர் கண்டிரார். எடுக்காது விட்டிருந்தால் அம்மலர்களை நாமும் கண்டிரோம்.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. உருகும் பனிக்கும் மறையும் நினைவிற்கும் வேற்றுமை சிறிதே. கடல் கடந்து வந்த நம் பாட்டியர் பலர் கோலங்களையும் பின்னல்களையும் ஏட்டிற் கொண்டு வந்தாரல்லர். விரல்களிலேயே கொண்டு வந்தனர். அவ்விரல்கள் ஓய்ந்தால் அவ்வடிவங்களும் ஓயும். அவர்கள் வரைவதையும் பின்னுவதையும், எத்தனை புள்ளி, எத்தனை சங்கிலி என்னும் கணக்கோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பணியை நம் சிறுமியரும் சிறுவரும் இவ்வாண்டே மேற்கொள்வாராக. உழவர் மகனொருவர் பொறுமையோடு வானத்தின் மலரைக் காத்தார். நம் வீட்டு மலரைக் காத்தல் நம் கடன்.