வெம்மை காத்த வினைஞர்

கொதிக்கும் கெண்டியின் மூடி துள்ளுவதைக் கண்ட சிறுவன் பின்னாளில் நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தான் என்னும் கதை நாடறிந்தது. கதை இனிது, உண்மை வேறு. ஜேம்ஸ் வாட் 1736ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிரீனாக் துறைமுக நகரில் பிறந்தார். அதற்கு 24 ஆண்டுகள் முன்னரே தாமஸ் நியூகோமன் அமைத்த நீராவி எந்திரம் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. அவ்வகை எந்திரம் விழுங்கிய எரிபொருளைக் குறைத்துக் காட்டியதே வாட்டின் அருஞ்செயல்.

இலண்டனில் ஓராண்டு அளவைக் கருவிகள் செய்யப் பயின்ற வாட், கிளாஸ்கோ நகரில் தொழில் தொடங்க விழைந்தார். ஏழாண்டுப் பயிற்சி பெறாதவர் என்று கூறிக் கைவினைஞர் சங்கம் தடுத்தது. 1757இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே அவருக்கு ஒரு பட்டறை அளித்தது.

1763ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பல்கலைக்கழகத்துக்குரிய நியூகோமன் எந்திரத்தின் சிறு மாதிரி பழுதுநீக்க வந்தது. அவ்வெந்திரம் இயங்கும் முறை எளியது. உருளையில் நீராவி நிறையும். உடனே உருளைக்குள் குளிர்நீர் பீய்ச்சப்படும். நீராவி நீராகச் சுருங்க, உள்ளே வெற்றிடம் தோன்றும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். வாட் செப்பனிட்ட மாதிரியோ சில முறை அசைந்து நின்றது. நீராவி போதவில்லை. பழுதை நீக்கியதோடு பணி முடிந்தது என வேறொருவர் திருப்பித் தந்திருப்பார். அத்தனை நீராவியும் எங்கே போகிறது என்று வாட் அளக்கத் தொடங்கினார்.

நீராவி தன் எடையைப்போல் ஆறு மடங்கு குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைக் கண்டு வியந்தார். அது உள்ளுறை வெப்பத்தின் விளைவு என்பதைப் பேராசிரியர் ஜோசப் பிளாக் விளக்கினார். உண்மை புலப்பட்டது. ஒவ்வொரு முறையும் உருளை குளிர்கிறது; மீண்டும் அதைச் சூடாக்கவே நீராவியில் ஏறத்தாழ முக்கால் பங்கு செலவாகிறது. குளிர்விக்காவிடில் வெற்றிடம் இல்லை. குளிர்வித்தாலோ எரிபொருள் வீண்.

ஈராண்டு இச்சிக்கல் அவரை வாட்டியது. 1765ஆம் ஆண்டு மே மாத ஞாயிறு ஒன்றில் கிளாஸ்கோ பசும்புல்வெளியில் உலவும்போது விடை கிடைத்தது. நீராவி, வெற்றிடம் எங்கிருப்பினும் அங்கே பாயும். ஆகவே உருளையோடு குழாயால் இணைந்த தனிக்கலம் ஒன்றை வைத்து, அதை மட்டும் குளிர்நீரில் அமிழ்த்தினால் போதும். உருளை எப்போதும் சூடாகவே இருக்கலாம். இன்றைய கார் எஞ்சினிலும், உரிய வெம்மை வரும்வரை குளிர்நீரை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தெர்மோஸ்டாட் தடுக்கிறது. அளவுக்கு மீறிக் குளிர்ந்த எஞ்சின் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும்.

எண்ணம் ஒரு நடையில் பிறந்தது. எந்திரம் உருவாகப் பதினோர் ஆண்டுகள் ஆயின. 1769இல் காப்புரிமை கிடைத்தும், பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே நீராவி கசிந்தது. பிழைப்புக்காக வாட் கால்வாய்களுக்கு நில அளவை செய்தார். 1773இல் தொலைவிலுள்ள மலைநாட்டில் அளந்துகொண்டிருந்தபோது மனைவி மார்கரெட் நோயுற்ற செய்தி வந்தது. அவர் வீடு சேருமுன் மனைவி மறைந்தார். பொருளுதவி செய்த ஜான் ரோபக்கும் அவ்வாண்டே நொடித்துப்போனார். அவர் பங்கை ஏற்ற பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டனே வாட்டைக் கைதூக்கிவிட்டார். பீரங்கிக் குழல் துளைப்பதில் தேர்ந்த ஜான் வில்கின்சன் பிசிறின்றி உருளை கடைந்து தந்தார். 1776இல் எந்திரங்கள் இயங்கின.

நிலக்கரி விளையாத கார்ன்வால் பகுதியில்தான் அவற்றின் அருமை தெரிந்தது. செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் நீர் இறைக்கத் தேவையான கரி முழுவதும் வேல்சிலிருந்து கப்பலில் வந்தது. புதிய எந்திரம் பழையதன் தேவையில் மூன்றிலொரு பங்களவு கரியிலேயே அவ்வேலையைச் செய்தது. மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றிலொன்றைப் போல்டனும் வாட்டும் கட்டணமாகக் கேட்டனர். எந்திரத்தின் அசைவுகளை எண்ணும் கருவி பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. முதலில் மகிழ்ந்த சுரங்க உரிமையாளர்கள் பின்னர் அக்கட்டணத்தையே சுமையெனக் கருதி வழக்காடினர்.

வாட்டிடமும் குறையுண்டு. உயரழுத்த நீராவியை அவர் கடுமையாக எதிர்த்தார். பிறர் முயற்சிகளைக் காப்புரிமை கொண்டு தடுத்தார். 1800இல் அவ்வுரிமை முடிவுற்றதும் தொழிலிலிருந்து விலகி, ஹீத்ஃபீல்டு இல்லத்தின் மாடிப் பட்டறையில் சிற்பங்களைப் படியெடுக்கும் கருவியொன்றைச் செம்மைசெய்து வந்தார். 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அவ்வில்லத்திலேயே உயிர்நீத்தார்.