பூட்டிய கதவுகளுக்குள் பத்து நாள்: நெல்லி பிளை

1889ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கொழும்பிலிருந்து வந்த பயணிகள் கப்பல் ஒன்று பினாங்கில் சற்று நேரம் நின்றுவிட்டு, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரை நோக்கிச் சென்றது. கோலசிலாங்கூர் கரைக்கு அப்பால் சென்ற அந்தக் கப்பலில் 25 வயது அமெரிக்கப் பெண் ஒருவர் இருந்தார். துணைக்கு யாரும் இல்லை. கையில் ஒரு சிறிய பை மட்டும். சிங்கப்பூரில் இறங்கியபோது ஒரு குரங்கை விலைக்கு வாங்கிக்கொண்டு மீண்டும் கப்பலேறினார். 72 நாட்களில் உலகத்தைச் சுற்றி முடித்து, கற்பனைக் கதையில் வந்த 80 நாள் பயணத்தையும் முந்திக் காட்டினார். அவர்தான் நெல்லி பிளை.

புதிர்ப்போட்டிகளில் இவர் பெயர் வருவது இந்தப் பயணத்துக்காகத்தான். குரங்கு வாங்கிய கதையும் சுவையானதுதான். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் செய்த காரியம்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. மனநலம் குன்றியவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு விடுதிக்குள் தாமும் ஒரு நோயாளியாகப் புகுந்து, பத்து நாள் இருந்து, கண்டதை எல்லாம் எழுதினார்.

அவருடைய இயற்பெயர் எலிசபெத் ஜேன் காக்ரன். 1864 மே 5ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மாவு மில் வைத்திருந்த வசதியானவர். எலிசபெத்துக்கு ஆறு வயதானபோது அவர் உயில் எழுதாமலே இறந்துபோனார். சொத்து கைமாறியது, குடும்பம் நொடித்தது. தாயார் மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் குடித்துவிட்டு அடிக்கிறவர். தாயார் மணவிலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றபோது, பதின்ம வயதுப் பெண்ணான எலிசபெத் சாட்சிக் கூண்டில் ஏறி, வீட்டில் நடந்ததைச் சொன்னார். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை வெளியே வந்து சொல்லும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியராக வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு தவணைதான் படித்தார். கட்டணம் கட்டப் பணமில்லை. படிப்பு அதோடு நின்றது.

1885இல், பிட்ஸ்பர்க் நகரத்து நாளேடு ஒன்றில் பெண்களுக்கு வீடுதான் இடம் என்ற கருத்தில் ஒரு கட்டுரை வந்தது. படித்ததும் கோபம் வந்தது. தம்மை ஓர் அநாதைப் பெண் என்று மட்டும் குறிப்பிட்டு, பத்திரிகைக்குக் காரசாரமாக ஒரு மறுப்புக் கடிதம் அனுப்பினார். இலக்கணப் பிழைகள் இருந்தும் அதில் இருந்த வேகம் ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. எழுதியவர் நேரில் வரவேண்டும் என்று பத்திரிகையிலேயே அறிவிப்புப் போட்டார். போனவருக்கு வேலை கிடைத்தது. அக்காலத்தில் பெண்கள் சொந்தப் பெயரில் எழுதுவது வழக்கமில்லை. எல்லாரும் அறிந்த ஒரு பாட்டிலிருந்து நெல்லி பிளை என்ற பெயரை எடுத்துக்கொடுத்தார்கள்.

தொழிற்சாலைப் பெண்களின் நிலையை எழுதினார். உடனே அவரை ஆடை அலங்காரம், பூச்செடி பக்கத்துக்கு மாற்றினார்கள். அதை வெறுத்து மெக்சிகோ சென்று சில மாதம் செய்தி அனுப்பினார். 1887இல் நியூயார்க்கில் வந்து இறங்கினார். பல மாதம் வேலை இல்லை. ஜோசப் புலிட்சரின் 'வேர்ல்டு' நாளேட்டு அலுவலகத்துக்குள் ஒருவழியாக நுழைந்தபோது, அங்கே கிடைத்த முதல் பெரிய வேலை பிளாக்வெல் தீவு.

நியூயார்க் நகரின் ஓரத்தில், ஆற்றின் நடுவே உள்ள நீண்ட தீவு அது. நகரம் பார்க்க விரும்பாத எல்லாரையும் அங்கே அனுப்பி வைத்தார்கள். சிறைச்சாலை, ஏழைகள் விடுதி, தொற்றுநோய் மருத்துவமனை, அவற்றோடு பெண்களுக்கான மனநோய் விடுதியும் இருந்தது. ஏறத்தாழ 1,600 பெண்கள் அதில் இருந்தனர். உள்ளே கொடுமை நடக்கிறது என்ற பேச்சு பல காலமாக இருந்தது. ஆனால் பார்வையிட வருகிறவர்களுக்குக் கூட்டிப் பெருக்கிய கூடத்தைத்தான் காட்டுவார்கள்.

நெல்லி கண்ணாடி முன் நின்று வெறித்துப் பார்க்கப் பழகினார். பெண்கள் தங்கும் மலிவான விடுதி ஒன்றில் வேறு பெயரில் அறை எடுத்து, இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். பேச்சை மாற்றி மாற்றிப் பேசினார். பயந்துபோனவர்கள் போலீசை அழைத்தனர். நீதிபதி இரக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பினார். மருத்துவர்கள் நாடி பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், சில கேள்விகள் கேட்டார்கள். மனநோய் என்று முடிவாகிவிட்டது. ஒரு மனிதரின் விடுதலையைப் பறிக்க அவ்வளவு நேரம் போதுமானதாக இருந்தது!

தீவில் இறங்கியதுமே நெல்லி நடிப்பை விட்டுவிட்டார். எப்போதும் போல் பேசினார், நடந்தார். யாரும் கவனிக்கவில்லை. தமக்கு நோயில்லை என்று சொல்லச் சொல்ல, அதையே நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் இரவு பனி போன்ற குளிர்ந்த நீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். அதே தொட்டித் தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராகப் பல பெண்கள் குளித்தனர். ஈரம் துடைக்காமல் மெல்லிய சட்டையை மாட்டிப் படுக்கச் சொன்னார்கள். சாப்பாடு, கெட்டுப்போன வெண்ணெய் தடவிய ரொட்டியும் நிறம் மட்டும் உள்ள தேநீரும். ஒரு நாள் ரொட்டிக்குள் சிலந்தி கிடந்தது. காலை முதல் இரவு வரை மரப்பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக்கூடாது, நடக்கக்கூடாது, படிக்கப் புத்தகம் கிடையாது. நல்ல மனநிலையில் உள்ளவரை இப்படி இரண்டு மாதம் உட்கார வைத்தாலே நோயாளியாகிவிடுவார் என்பது நெல்லியின் கருத்து. அழுதவர்களைப் பணிப்பெண்கள் அடித்தனர். மருத்துவரிடம் முறையிட்டால் அதற்கும் அடி விழுந்தது.

அங்கே ஒரு ஜெர்மானியப் பெண் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் சொன்னதை யாரும் மொழிபெயர்க்க முயலவில்லை. தம்மை ஏன் அடைத்தார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, தமிழ் மட்டும் பேசும் நம் பாட்டி ஒருவரை நினைத்துப் பாருங்கள். தெரியாத மொழியில் நாலு கேள்வி கேட்டு, பதில் வரவில்லை என்றால் அதை நோய்க்குறியாக எழுதுவது எவ்வளவு எளிது! குடும்பத்திலிருந்து ஒருவர் கூடவே போய் மொழிபெயர்ப்பது சின்ன வேலையாகத் தோன்றலாம். பிளாக்வெல் தீவில் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

இவ்வளவுக்கும் நடுவே நெல்லி கவனித்த இன்னொன்று உண்டு. அடி, உதை, சாப்பாடு பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அதுதான் பூட்டு.

ஒரே கட்டடத்தில் சுமார் 300 பெண்கள். ஓர் அறைக்கு ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. ஒவ்வோர் அறைக் கதவுக்கும் தனித்தனிப் பூட்டு. சன்னல்களில் தடித்த இரும்புக் கம்பி. இரவில் தீப்பிடித்தால் பணியாளர் ஒவ்வொரு கதவாகச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். தம் உயிருக்கு ஆபத்து வரும்போது யார் அப்படி நின்று திறப்பார்கள்? நெல்லி இதை அங்குள்ள துணைத் தலைமை மருத்துவரிடமே கேட்டார். ஒரே விசையைத் திருப்பினால் ஒரு வரிசையில் உள்ள எல்லாக் கதவும் திறக்கும் முறை இருக்கிறதே, அதை ஏன் வைக்கக்கூடாது என்றும் சொன்னார். அவர் அதைப் பார்த்தது பிட்ஸ்பர்க்கில் புதிதாகக் கட்டிய சிறையில், செய்தி சேகரிக்கப் போனபோது. அதைச் சொன்னால் வேடம் கலைந்துவிடும். அதனால் எங்கோ பார்வையாளராகப் போனபோது பார்த்தது என்று சமாளித்தார். மருத்துவரோ, இந்தப் பெண் முன்பு எந்தச் சிறையில் இருந்தாளோ என்று சந்தேகப்பட்டார்.

இது 1887. அடுத்து 114 ஆண்டுகளைத் தாண்டி நம் முன்னோர்கள் பலர் கப்பலேறி வந்த இராமநாதபுரம் சீமைக்கு வருவோம். அங்குள்ள ஏர்வாடி தர்காவில் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல ஊர்களிலிருந்தும் நோயாளிகளைக் கொண்டு வருவார்கள். அவர்களைத் தங்கவைக்கத் தனியார் விடுதிகள் பல முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அவற்றுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். அதன்பின் அரசு இத்தகைய விடுதிகளை மூடியது. இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக்கூடாது என்று 2017இல் வந்த சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நெல்லி கேட்ட கேள்விக்கு அந்த மருத்துவர் பதில் சொல்லவில்லை, ஏர்வாடி சொல்லிவிட்டது.

நம் நாட்டிலும் கம்பிச் சன்னலின் ஆபத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் சமயப் பள்ளி விடுதியில் நடந்த தீயில் மாணவர்களும் வார்டன்களுமாக 23 பேர் இறந்தார்கள். சன்னல் கம்பிகள் அவர்களை வெளியேற விடவில்லை.

அசாம் ஜாவா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று எந்தத் தாமானுக்குப் போனாலும் வாசலில் இரும்புக் கிரில், அதில் ஒரு பெரிய பூட்டு. திருடனுக்குப் பயந்து போட்டது. அதே மாதிரி வீடு ஒன்றைப் பராமரிப்பு இல்லமாக மாற்றி, நாலு சுவருக்குள் இருபது பேரைத் தங்கவைத்தால் அந்தப் பூட்டின் பொருளே மாறிவிடுகிறது. சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், பின்வாசல் திறக்குமா என்று கேட்க வேண்டும். பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்ய 1993ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். தீயணைப்பு மீட்புப் படையின் ஒப்புதலும் தேவை. மனநல மருத்துவப் பராமரிப்பு இல்லங்களுக்கு 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உரிமம் கேட்கிறது. மருத்துவமனைகளைப் பார்வையிட வெளியாட்கள் அடங்கிய வாரியத்துக்கும் அதில் இடமுண்டு. பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பது குடும்பத்தின் உரிமை. பலர் கேட்பதில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்ற வெட்கம்தான் காரணம். 1911 முதல் நோயாளிகளைக் கவனித்துவரும் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரை நாம் பள்ளிக்கூடத்தில் கேலிச் சொல்லாகப் பயன்படுத்துகிறோமே, அந்த வெட்கம் தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

மீண்டும் நெல்லியிடம் வருவோம். பத்தாம் நாள் பத்திரிகையின் வழக்கறிஞர் வந்து அவரை வெளியே எடுத்தார். விட்டுவிட்டு வந்த பெண்களை நினைத்து அவருக்கு மகிழ்ச்சியே வரவில்லையாம். 1887 அக்டோபரில் கட்டுரைகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவந்து நகரையே உலுக்கின. பிறகு நூலாகவும் வந்தது. விசாரணைக் குழுவினர் அவரையும் அழைத்துக்கொண்டு தீவுக்குப் போனார்கள். தகவல் முன்கூட்டியே போயிருந்தது. தரை பளபளத்தது, ரொட்டி வெள்ளையாக இருந்தது, அவர் பெயர் குறிப்பிட்ட நோயாளிகள் பலரை அங்கே காணவில்லை. இருந்தும் குழு அவர் சொன்னதையே நம்பியது. விடுதிகளுக்கான நிதியும் உயர்ந்தது. அந்த உயர்வு பற்றிய பேச்சு முன்பே நகர நிர்வாகத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே கட்டுரையால் நடந்தது என்று சொல்வது மிகை. ஆனால் இழுத்தடித்துக்கொண்டிருந்த பேச்சை யாரும் தள்ளிப்போட முடியாதபடி செய்தது அவர் எழுத்து.

பொய் சொல்லி உள்ளே நுழைந்தது சரியா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் இதழியல் வகுப்பில் கேட்கிறார்கள். வாசல் வழியாகப் போனவர்களுக்குப் பெருக்கிய கூடம்தான் தெரிந்தது என்பதை மனத்தில் வைத்து நீங்களே விவாதித்துப் பாருங்கள்.

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1895இல் தம்மைவிட நாற்பது வயதுக்கு மேல் மூத்த தொழிலதிபர் ஒருவரை மணந்தார். கணவர் 1904இல் இறந்தபின் இரும்புப் பீப்பாய்களும் பாத்திரங்களும் செய்த அந்தத் தொழிற்சாலையை அவரே நடத்தினார். தொழிலாளர்களுக்கு நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும் அமைத்தார். கணக்கை மட்டும் பார்க்கவில்லை. ஊழியர்கள் பணத்தைச் சுருட்ட, நிறுவனம் திவாலானது. முதல் உலகப்போர் மூண்டபோது ஐரோப்பாவின் கிழக்குப் போர்முனையிலிருந்து செய்தி எழுதினார். 1922 ஜனவரி 27ஆம் தேதி நிமோனியாவால் நியூயார்க்கில் காலமானார். வயது 57. 1978இல் நியூயார்க் பத்திரிகையாளர் மன்றம் கல் நாட்டும்வரை அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை.

அந்தத் தீவுக்கு இப்போது ரூஸ்வெல்ட் தீவு என்று பெயர். விடுதிக் கட்டடத்தின் எண்கோண முகப்பு மட்டும் எஞ்சி, இன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவாயிலாக இருக்கிறது. 2021இல் தீவின் வடமுனையில் நெல்லிக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். அவர் முகத்தோடு வேறு சில பெண்களின் முகங்களும் வெண்கலத்தில் பெரிதாக அங்கே நிற்கின்றன.