சிறை மீண்ட அறிவு
பாக்கு நகரிலே 1908ஆம் ஆண்டிற் பிறந்தவர் சோவியத்துப் பௌதிக அறிஞர் இலெவ் இலந்தாவு. 1938 ஏப்பிரிலில் அவர் அரசியற் குற்றஞ் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டார். பேரறிஞர் கப்பிற்சா அஞ்சாது தாமே பிணைநின்று ஓராண்டின்பின் அவரை மீட்டார். கடுங்குளிரில் ஈலியத் திரவம் உராய்வின்றி ஓடுதலைக் கண்டவர் கப்பிற்சா. அதன் காரணத்தை 1941இல் விளக்கி இலந்தாவு நன்றிக்கடன் தீர்த்தார்.

தடையின்றி மின்கடத்தும் மீகடத்திகளைக் குறித்து 1950இல் கின்ஸ்பேர்க்குடன் அவர் வகுத்த கொள்கை, வெப்பந் தணியுங்காற் சமச்சீர் குலைந்து புதிய ஒழுங்கு பிறத்தலைக் காட்டிற்று. அவ்வழியே சென்றோர் 1964இல் அடிப்படைத் துணிக்கைகள் திணிவுபெறும் முறையை உரைத்தனர். 2012இற் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துணிக்கை அதனை மெய்ப்பித்தது. ஆதியில் அண்டம் குளிர்ந்தபோதும் அத்தகைய மாற்றமே நிகழ்ந்ததென்பர்.

1962இல் வீதிவிபத்தில் நலிந்த இலந்தாவு, அவ்வாண்டே நோபல் பரிசு பெற்று, 1968இல் மறைந்தார். அன்று கப்பிற்சா வாய்மூடியிருந்திருப்பின், இவ்வறிவுவிளக்குச் சிறையிருளிலேயே அவிந்திருக்கலாம்.