போல் லெயோதோ: பூனைகளுக்கு நடுவே ஓர் உரைநடையாளர்

பிரெஞ்சு இலக்கிய வரலாற்று நூல்கள் போல் லெயோதோவுக்குத் தனி இயல் ஒதுக்குவது அரிது. நாவலாசிரியர் என்று வகைப்படுத்தப் பெரிய நாவல் எதையும் அவர் எழுதவில்லை. கவிஞர் என்று சொல்லலாமெனில், இளமையில் இயற்றிய செய்யுட்களை அவரே பின்னாளில் பொருட்படுத்தவில்லை. எஞ்சி நிற்பது 1893 முதல் 1956 வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிய நாட்குறிப்பு. அச்சில் அது 19 தொகுதிகளாக விரிந்தது. அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் அவர் திரும்பத் திரும்பப் பேசுபவை இரண்டே உலகங்கள். ஒன்று, எழுத்தாளர்களின் உலகம். மற்றொன்று, தெருவில் விடப்பட்ட பூனைகளும் நாய்களும். முன்னதைப் பற்றி எழுதும்போது அவருடைய பேனா கத்தியாக இருக்கிறது. பின்னதைப் பற்றி எழுதும்போது அதே பேனா நடுங்குகிறது.

1872ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் அவர் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஃபிர்மேன், புகழ்பெற்ற கொமெதி ஃபிரான்சேஸ் நாடக அரங்கில் நடிகர்களுக்கு மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர். தாய் ழான் ஃபொரெஸ்தியே மேடைப் பாடகி. குழந்தை பிறந்த சில நாள்களிலேயே தாய் விட்டுச் சென்றாள். வளர்த்தவள் மரி பெஸே என்ற முதிய பணிப்பெண். தாயைச் சிறுவன் கண்டது விரல்விட்டு எண்ணத்தக்க சில பொழுதுகளே. 1901இல், இருபத்தொன்பது வயதில், கலே நகரில் மரணப் படுக்கையில் கிடந்த தாயின் உடன்பிறந்தாளைக் காணச் சென்ற இடத்தில் அவர் தாயை மீண்டும் சந்தித்தார். வந்திருப்பவன் தன் மகன் என்பதை அவள் முதலில் அறியவில்லை. பின்னர்ச் சில காலம் கடிதங்கள் போயின, வந்தன. அதன்பின் அவள் பதில் எழுதுவதை நிறுத்திக்கொண்டாள். அவள் 1916இல் இறந்தாள்.

இந்த வரலாற்றைக் கேட்டதும், தாயால் கைவிடப்பட்டவன் கைவிடப்பட்ட விலங்குகளைச் சேர்த்துக்கொண்டான் என்று உடனே முடிபு கட்டத் தோன்றும். பலரும் அவ்வாறே கட்டியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் கைவிடப்பட்டவர்கள் எல்லாரும் இரவில் கரியடுப்பின் முன் நின்று முப்பது பூனைகளுக்கு உணவு சமைப்பதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் செயலைப் பார்க்காமல் விட்டுவிடுவது திறனாய்வாளர்களான எங்களுக்கு வாய்த்த நோய். லெயோதோவின் வாழ்க்கையில் பார்க்கப்பட வேண்டியது அந்தச் செயலே என்பது என் துணிபு.

அவருடைய பள்ளிப்படிப்பு பதினைந்து வயதோடு முடிந்தது. பிறகு அலுவலகங்களில் எழுத்தர் வேலை. கவிஞர்கள்மீது அவருக்கு அன்று இருந்த பற்று, இன்று நம் வட்டத்து இளைஞர்கள் சிலரிடம் காண்பது போன்றது. வெர்லேன் ஒரு சிற்றுண்டிச் சாலையின் வெளிப்புறத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டு, நேரில் போய்ப் பேசக் கூச்சப்பட்டு, ஊதாப்பூக் கொத்து ஒன்றை வாங்கி ஆள்வழி அனுப்பிவிட்டுத் தொலைவில் நின்று பார்த்தவர் அவர். போல் வலேரி அவருக்கு இளமை நண்பர். அதோல்ஃப் வான் பெவெருடன் சேர்ந்து 1900இல் அவர் தொகுத்து வெளியிட்ட சமகாலக் கவிஞர் தொகைநூல் ஒரு தலைமுறைக்கே புதிய கவிதையின் வாயிலாக அமைந்தது. விந்தை என்னவெனில், அந்த வாயிலைத் திறந்தவரே பின்னாளில் கவிதையில் நம்பிக்கை இழந்தார். அணிகளும் ஓசை நயமும் உண்மையை மூடுகின்றன என்று கருதினார். ஸ்தாந்தல், திதரோ, ஷாம்ஃபோர் ஆகியோரின் வறண்ட, நேரான உரைநடையே அவருக்கு வழிகாட்டியாயிற்று. 1903இல் வெளியான தம் முதல் நூலின் நடை பிடிக்காமல், அதன் மறுபதிப்புக்கு அவர் பல பத்தாண்டுகள் இசையவில்லை.

1908இல் ‘மெர்க்கூர் த ஃபிரான்ஸ்’ இதழகத்தில் செயலர் பணி கிடைத்தது. சம்பளம் சொற்பம். வந்த கையெழுத்துப் படிகளைப் பெறுவதும் வருவோர்க்கு விடை சொல்வதும் வேலை. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே மொரீஸ் புவாசார் என்ற புனைபெயரில் நாடக விமரிசனம் எழுதிவந்தார். நாடகத்தைப் பற்றி ஓரிரு வரிகள் எழுதிவிட்டு, வழியில் கண்ட பூனையையோ நாயையோ பற்றி மீதிப் பத்தியை நிரப்பியதும் உண்டு. நாடகாசிரியர்கள் சீறினார்கள்; வாசகர்கள் அந்தப் பகுதியைத்தான் முதலில் படித்தார்கள்.

பாரிஸின் மாடிக் குடியிருப்புகளில் விலங்குகளைப் பெருக்கிக்கொள்ள இயலாது. அதனால் 1911இல் நகருக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குள் அமைந்த ஃபோந்தனே-ஒ-ரோஸ் என்ற சிற்றூரில், தோட்டத்தோடு கூடிய பழைய வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளும் அங்கேதான். அவர் எந்த விலங்கையும் விலைகொடுத்து வாங்கியதில்லை. உயர்சாதிப் பூனை, நாய் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. ஊர்மாறிப் போனவர்கள் விட்டுச் சென்றவை, நோயுற்றதால் துரத்தப்பட்டவை, கிழடாகிவிட்டதால் வேண்டாதவையாகிப் போனவை ஆகியவையே அந்த வீட்டுக் குடிகள். ஒரு காலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பூனைகளும் இருபது நாய்களும் ஓர் ஆடும் ஒரு பெருவாத்தும் ஒருசேர அங்கே வாழ்ந்தன. பின்னாளில் தோட்டத்து மரத்தில் தென்பட்ட பெண் குரங்கு ஒன்றும் சேர்ந்துகொண்டது; அதற்குக் கெனெத் என்று பெயர். வாழ்நாள் முழுவதிலும் அவர் பேணிய பூனைகள் முந்நூறுக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இனி அன்றாட வேலையைப் பார்க்கலாம். காலையில் விலங்குகளுக்கு உணவிட்டு, வீட்டைத் துடைத்துவிட்டு, பைகளோடு இரயிலேறுவார். நாள் முழுவதும் இதழகத்தில் பணி. இடைவேளையிலும் மாலையிலும் இறைச்சிக் கடைகளின் கழிவுத் துண்டுகளையும் காய்ந்த ரொட்டிகளையும் சேர்ப்பார். லுக்சம்பூர்ப் பூங்காவில் திரியும் பூனைகளுக்கு ஒரு பங்கு. மீதி பைகளில் நிறைந்து அவரோடு ஃபோந்தனேக்குத் திரும்பும். நைந்த மேலங்கியும் பழந்தொப்பியுமாக, இரு கைகளிலும் சுமையோடு செல்லும் அந்த மனிதரைப் பிச்சைக்காரர் என்று கருதியவர் பலர். வீட்டில் அவருடைய சொந்த உணவு உருளைக்கிழங்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்; இறைச்சி விலங்குகளுக்கு. எல்லாவற்றையும் உறங்கவைத்த பின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வாத்திறகுப் பேனாவால், பயன்படுத்திய தாள்களின் பின்புறத்தில் நாட்குறிப்பு எழுதுவார். மடிமீதும் மேசைமீதும் பூனைகள் கிடக்கும்.

நம் மரபில் பூனைக்குக் கிட்டிய பெரும்பேறு, கம்பன் தன் அவையடக்கத்தில் அதைப் பாற்கடலின் கரைக்கு அழைத்துச் சென்றது. பிரெஞ்சுக் கவிதையில் பொதலேரின் பூனைகள் மருட்சியும் மணமும் கலந்த குறியீடுகள். லெயோதோவின் பூனைகளுக்குச் சொறி உண்டு, கண்பார்வை மங்கும், பல் விழுந்து மென்று தின்ன முடியாமல் போகும். முதுமையில் அவை படும் பாட்டை அவர் உவமை ஏதுமின்றி எழுதினார். எந்த நாளில் எது உண்ண மறுத்தது, எத்தனை இரவுகள் அதனருகே விழித்திருந்தார், எப்போது மூச்சு அடங்கியது என்ற அளவில் செய்திகள் நிற்கும். பிறகு தோட்டத்தில் குழி. அவ்வீட்டுத் தோட்டம் மெல்ல மெல்லக் கல்லறைத் தோட்டமாயிற்று.

1903இல் தந்தை இறந்தபோது, படுக்கையருகே நாள்கணக்கில் அமர்ந்து அம்முகத்தின் மாற்றங்களை ஓர் ஓவியனின் குளிர்ந்த கண்ணோடு நோக்கி, 1905இல் அதை வெளியிட்டார். அப்பதிவில் கண்ணீர் இல்லை. படித்தவர்கள் பலர் அதிர்ச்சியடைந்தனர். பூனைகளின் சாவுக் குறிப்புகளிலோ அவர் தாம் அழுததை மறைப்பதில்லை. ஆனால் இரண்டிலும் நடை ஒன்றே. துயரத்துக்காக ஒரு சொல்லைக்கூட அவர் உயர்த்திக் கட்டவில்லை. கையறுநிலை பாடும் நம் கவிஞர்கள் இந்த இரு வகைப் பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

வீட்டில் இத்தனை வாய்கள் காத்திருக்கையில் ஒரு மனிதன் வருவாய்க்காகச் சற்று வளைந்துகொடுப்பது இயல்பு. லெயோதோ வளையவில்லை. 1921இல் அவருடைய நாடகப் பத்தி மற்றொரு புகழ்பெற்ற இதழுக்கு மாறியது. 1923இல், ழூல் ரொமேனின் நாடகத்தைத் தாக்கி எழுதிய பகுதியை மாற்றித் தருமாறு கேட்டார்கள். மறுத்துவிட்டுப் பத்தியையே கைவிட்டார். அடுத்துச் சேர்ந்த வார இதழிலும் சில மாதங்களே நீடித்தார். அந்தப் பணம் அவருக்குத் தேவையற்றதன்று, மிகவும் தேவை. பூனைகளின் இறைச்சிக் காசையும் சொல்லின் விடுதலையையும் எதிரெதிரே வைத்து, சொல்லைத் தேர்ந்துவிட்டுத் தம் சொந்த உணவைக் குறைத்துக்கொண்டார். இக்கணக்கை அவர் ஒருபோதும் தியாகம் என்று பேசியதில்லை.

மனிதர்களிடம் அவர் கொண்ட உறவு கரடுமுரடானது. ஆன் கய்சாக் என்ற பெண்மணியோடு 1914இல் தொடங்கிய நீண்ட காதல் சண்டையும் சச்சரவுமாகவே கழிந்தது. அவளுக்கு அவர் சூட்டிய பெயர் ‘வாதை’. நூலகராக இருந்த மரி தொர்முவா 1933 முதல் நெருங்கிய துணையானார். கலைந்து கிடந்த நாட்குறிப்பைத் தட்டச்சு செய்து நமக்குக் காத்துத் தந்தவர் அவரே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1940 சூனில் செருமானியப் படை நெருங்கியபோது பாரிஸ் மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். விலங்குகளை விட்டுப் போக மனமின்றி லெயோதோ ஃபோந்தனேயிலேயே தங்கினார். தொடர்ந்த பஞ்ச ஆண்டுகளில், 1941இல் புதிய இயக்குநர் அவரை முப்பத்து மூன்றாண்டு வேலையிலிருந்து நீக்கிய பின்னும், அவற்றுக்கு உணவு தேடி அலைந்தார். இது ஒரு பக்கம். அதே ஆண்டுகளின் நாட்குறிப்பிலும் அதற்கு முன்னும் யூதர்களைப் பற்றி அவர் எழுதியுள்ள இழிவுரைகள் மறுபக்கம். ஒரு பூனையின் பசியை நூறடி தொலைவிலிருந்து உணர்ந்த மனிதர், வேட்டையாடப்பட்டு வண்டிகளில் ஏற்றப்பட்ட அண்டை மனிதர்களை அவ்வாறு உணரவில்லை. விலங்கன்பு தானாகவே மானிட அன்பாகக் கனியும் என்று மேடைகளில் பேசுகிறோம். இவர் வாழ்வு அதற்குச் சான்று தரவில்லை. அவரை விரும்புகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. அதற்காகப் பைகளைச் சுமந்த அந்தக் கைகளைப் பொய்யென்று தள்ளவும் என்னால் முடியவில்லை.

புகழ் மிகவும் பிந்தி, வானொலி வழியே வந்தது. 1950 இறுதியிலும் 1951இலும் ரொபேர் மாலே அவரோடு நிகழ்த்திய உரையாடல்கள் ஒலிபரப்பாயின. எழுபத்தெட்டு வயதைக் கடந்த கிழவரின் சீற்றமும் உரத்த சிரிப்பும் நாடு முழுவதும் கேட்டன. பதிப்பாளர்கள் தேடி வந்தனர். 1954இல் நாட்குறிப்பின் முதல் தொகுதி வெளியாயிற்று. கையில் ஓரளவு பணம் புழங்கியபோது, உணவிட வேண்டிய வாய்கள் குறைந்துபோயிருந்தன. தமக்குப் பின் தனித்துவிடப்படுமே என்ற அச்சத்தால் புதிய விலங்குகளை ஏற்கவும் அவர் தயங்கினார்.

1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடல்நலம் குன்றியதால், ஷத்னே-மலாப்ரி என்ற அண்டை ஊரில் மருத்துவர் ஒருவர் நடத்திய இல்லத்துக்கு அவர் சென்றார். ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று பெயர்பெற்ற அந்த மாளிகை ஒரு காலத்தில் ஷதோபிரியானுக்கு உரியது. அணிநடையின் அரசர் என்று போற்றப்பட்ட அவருடைய எழுத்தை லெயோதோ வாழ்நாளெல்லாம் ஏளனம் செய்துவந்தவர். ஆயினும் ஷதோபிரியானும் பூனைகளின் அன்பர்தாம். போப்பாண்டவர் பன்னிரண்டாம் லியோ இறந்த பின் அவருடைய பூனையைத் தம்மோடு அழைத்துச் சென்று வளர்த்தவர் அவர். அம்மாளிகையில் சில வாரங்களே இருந்து, பிப்ரவரி 22ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் லெயோதோ காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1959இல், நாட்குறிப்பில் விலங்குகளைப் பற்றி அவர் எழுதியவற்றை மட்டும் மரி தொர்முவா பிரித்தெடுத்து ஒரு தனி நூலாக்கினார். அந்நூலில் எழுத்தாளர்கள் எங்கோ ஓரத்தில் வந்து போகிறார்கள். பக்கங்களை நிறைப்பவை ஃபோந்தனேத் தோட்டத்து மண்ணுக்கடியில் கிடக்கும் பூனைகள்.